பேரைச் சொன்னால்தான் மாத்திரை

நீலாவைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. அவள் கையால் ஒரு தடவை சாகக் கிடந்து, அதே கையால் பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டென்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

1971-இல் எனக்கு வயது நாற்பத்திரண்டு. நிஜாம் ஆண்ட ஊரில், சனத்நகர் பக்கம் ஒரு மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மெஷின்களின் பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பு. ஒரு மெஷினைப் பழுது பார்க்கிறவன், தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதன் ஸ்விட்சில் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொட வேண்டும். அவனைத் தவிர வேறு யாரும் அந்த அட்டையை நகர்த்தக் கூடாது. அப்படி நகர்த்திய ஒருவனை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தவன் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என் வண்டவாளம் வெளியே வரும்போது உதவும்.

அந்த வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு கம்பெனி ஆஸ்பத்திரி. எது என்று கேட்காதீர்கள். ஆண்கள் வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை, ஒன்று வடக்குச் சுவரை ஒட்டி, இன்னொன்று தெற்குச் சுவரை ஒட்டி. எனக்குக் கிடைத்தது ஆறாம் எண், வடக்குச் சுவர். அதாவது வடக்கே தலை வைத்துப் படுக்க வேண்டும். மறுநாள் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், இன்றைக்கு வடக்கே தலை! தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டுப் படுத்தேன். ஆயா வந்து திருப்பிப் போட்டாள். மறுபடி மாற்றினேன். ஸ்டாஃப் நர்ஸ் வந்து, இது சத்திரம் இல்லை என்றாள்.

எதிர் வரிசையில் பதினைந்தாம் எண்ணில் காதர் மொஹிதீன் சாஹேப் இருந்தார். எங்கள் தொழிற்சாலையிலேயே கிரேன் ஓட்டுகிறவர், சர்க்கரை வியாதிக்காரர், தங்கமான மனுஷர். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, கால் மேற்கே நீளாத வரைக்கும் தனக்கு எந்தச் சுவரும் ஒன்றுதான், இங்கே வந்து படுத்துக்கொள்ளும் என்றார். சாயங்காலம் நர்ஸ்கள் டியூட்டி மாறும் சந்தடியில், திருடர்களைப் போல இடம் மாறிக்கொண்டோம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டுகள் மட்டும் அங்கங்கேயே இருந்தன. அதை மாற்றினால் நர்ஸ் கண்டுபிடித்து விடுவாளே என்று விட்டுவிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறரை இருக்கும். வெறும் வயிறு. முந்தின நாள் இடம் மாறுவதற்கு முன்பே கொடுத்திருந்த தூக்க மாத்திரையை ராத்திரி போட்டுக்கொண்ட மயக்கம் இன்னும் தெளியவில்லை. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி தட்டோடு வந்தாள். மூன்றாம் வருஷ மாணவி, அவள்தான் நீலா. கூட நின்று பார்க்க வேண்டிய ஸ்டாஃப் நர்ஸை அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வார்டில் எல்லோரையும் கட்டில் எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். பதினைந்துக்கு இன்சுலின், ஆறுக்கு எனிமா, இப்படி. அவள் பதினைந்துக்கு இருந்ததை எடுத்தாள், இருபத்து நாலு யூனிட். “இன்ஜெக்ஷன் சார்” என்றாள். ஆபரேஷனுக்கு முந்திய ஊசி போலிருக்கிறது என்று கையை நீட்டினேன். போட்டுவிட்டாள்.

ஊசியை எடுத்தவள் நகரவில்லை. என் சட்டை விலகிப் பூணூல் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்தாள், கேஸ் ஷீட்டில் இருந்த காதர் மொஹிதீன் என்ற பெயரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் கண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. அவள் பேசாமல் நகர்ந்து போயிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எனக்கு மயக்கம் வந்திருக்கும், ஆபரேஷன் பயம் என்று டாக்டரே சொல்லியிருப்பார். அதை அவள் யோசித்தாளா என்று பின்னால் ஒரு தடவை கேட்டேன். பத்து விநாடி யோசித்ததாக ஒப்புக்கொண்டாள். அதனால்தான் அவளை நான் நம்புகிறேன்.

பத்து விநாடி முடிந்ததும் என்னிடம், “சார், உங்களுக்குத் தப்பான ஊசி போட்டுட்டேன். சர்க்கரை சடசடன்னு இறங்கும். தூங்கக் கூடாது, எழுந்து உட்காருங்க” என்றாள். அப்புறம் வார்டே கேட்கிற மாதிரி குரல் கொடுத்து ஸ்டாஃப் நர்ஸை அழைத்து, என்ன மருந்து, எத்தனை யூனிட், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரே மூச்சில் சொன்னாள். இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஓடி வந்தார். கை நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. அதற்குள் எனக்குக் கை நடுங்கி, பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்து, டாக்டர் இரண்டு பேராகத் தெரிந்தார். ஆபரேஷன் ரத்து. கொஞ்சம் தேறியதும் டாக்டர் கேட்டார், ஆறாம் எண் ஆசாமி பதினைந்தில் எப்படி வந்தீர் என்று. நான் சொன்ன பதில் இது: “எனக்கு இந்தக் கட்டில்தான் கொடுத்தா.”

சிவப்பு அட்டைக்காக ஒருவனை சஸ்பெண்ட் செய்த நான், வடக்கே தலை வைக்கப் பயந்து கட்டில் மாறினேன் என்று எந்த வாயால் சொல்வது? எதிரே ஆறாம் எண் கட்டிலில் உட்கார்ந்திருந்த மொஹிதீன் சாஹேப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர் போனபின் கிட்டே வந்து, “கைக்கு ஜூட் போலே, சாமி?” என்று உருதுவில் கேட்டார். ஏன் பொய் சொன்னீர் என்று அவ்வளவு மிருதுவாக என்னை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று மத்தியானம் வரை நீலா என் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணயராமல் இருக்க வேண்டுமென்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவள் கதை தெரிந்தது. போலாரத்துக்காரி. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அப்பா துரைராஜ் ராணுவ ஆபீசில் ஹெட் கிளார்க். கண்டவனையும் தொட்டுத் துடைக்கிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம் என்று ஒரு வருஷம் மல்லுக்கு நின்றவர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். ஒரே ஒரு புகார் வந்தாலும் பெட்டியோடு வீடு, அடுத்த முகூர்த்தத்தில் மாமன் மகன். இன்னும் ஐந்து மாதத்தில் பரீட்சை. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நடுவில் என் நாடியையும் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் என் மனைவி அலமு பிளாஸ்கில் காபியோடு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சொன்னாள், அந்தப் பெண்ணை நர்சிங் ஸ்கூலிலிருந்து அனுப்பப் போகிறார்களாம், அப்பா வந்து மேட்ரன் ரூமில் உட்கார்ந்திருக்கிறாராம், பெட்டி வராந்தாவுக்கு வந்துவிட்டதாம். “அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கு எந்தக் கோலத்துல இருந்திருப்பேன்? சொன்னதுக்கா தண்டனை?” என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டில் மாறிய கதையைச் சொல்லிவிட்டேன். அலமு திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த என் செருப்பை எடுத்து என் காலுக்கு நேரே வைத்தாள்.

ஆஸ்பத்திரி அங்கியோடு மேட்ரன் ரூமுக்குப் போனேன். மேட்ரன் கமலம் மேஜைக்குப் பின்னால். துரைராஜ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நீலா நின்றிருந்தாள். நான் உட்காராமலே சொன்னேன். வடக்குச் சுவர், தலையணை, மொஹிதீன் சாஹேப், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

மேட்ரன் பெருமூச்சு விட்டாள். அப்படியானால் இந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை, விஷயம் முடிந்தது என்று பைலை மூடப் போனாள். அவளுக்கும் அனுப்ப மனமில்லை என்று தோன்றியது. துரைராஜின் தோள் கூடக் கொஞ்சம் இறங்கியது.

நீலா மட்டும் தலையை ஆட்டினாள். “இல்லை மேடம். இவர் எங்கே வேணா படுத்திருக்கட்டும். நான் கட்டிலுக்கா ஊசி போட்டேன்? ஆளுக்குத்தானே போட்டேன். ஆளைப் பேர் கேட்டிருக்கணும். கேட்கலை.”

நான் பல்லைக் கடித்தேன். தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்தால் இந்தப் பெண் சாத்துகிறாளே! மேட்ரன் மூடப் போன பைலை மறுபடி விரித்தாள். பிறகு கேட்டாள், சரி, நாளைக்கு இதே வார்டில் உன்னை விட்டால் என்ன செய்வாய்? நீலா யோசித்துவைத்திருந்தாள். மருந்து கையில் இருக்கும்போது நோயாளியே தன் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள்தானே இன்னார் என்று நாம் கேட்கக் கூடாது, மயக்கத்தில் இருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான். வாய் பேச முடியாதவர் என்றால் வீட்டு மனிதர் சொல்ல வேண்டும். சொன்ன பெயரும் ஷீட்டில் இருக்கிற பெயரும் ஒத்துப்போனால்தான் மருந்து.

மேட்ரன் அவளை இரண்டு மாதம் அதே வார்டில் கூடுதலாக வேலை பார்க்கச் சொன்னாள். பரீட்சை ஒரு தவணை தள்ளிப் போனது. துரைராஜ் எழுந்து வராந்தாவுக்குப் போனார். வெளியே ரிக்‌ஷாக்காரன் பெட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். “பெட்டியை இறக்குப்பா” என்றார். தானே ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியை ஹாஸ்டல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்.

நீலா அடுத்த வருஷம் பாஸ் செய்து அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவளுடைய பழக்கம் முதலில் அந்த வார்டில், பிறகு மற்ற வார்டுகளில் சட்டமானது. தொழிலாளிகள் சலித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை பெயரைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றார்கள். ‘பேர் சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு தடவை எங்கள் ஜெனரல் மேனேஜரே காய்ச்சலில் வந்து படுத்தார். அவரிடமும் கேட்டாளாம். என்னைத் தெரியாதா என்று அவர் முறைக்க, “ஹவ் சார், நல்லாத் தெரியும். நீங்க சொல்லுங்க” என்று மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாளாம். சொன்ன பிறகுதான் கொடுத்தாளாம்.

கல்யாணமும் செய்துகொண்டாள். மாமன் மகன் இல்லை. ரகுநாதன் என்று ரயில்வேயில் ஒரு சாது. பத்திரிகை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவளை, உறையில் பேர் எழுதுவதற்கு முன்னால் எங்களிடம் கேட்டாயா என்று சீண்டினேன். அலமு வாழைக்காய் பஜ்ஜி போட்டாள்.

இனி அலமுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் என் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற குழந்தையைச் சொல்லச் சொல்வாள். காஞ்சிபுரத்தில் சேவித்துவிட்டு வந்தால் கூடப் பெருமாள் பெயரைச் சொல்ல மாட்டாள், அது என் பெயராகவும் ஆகிவிட்டதே. அத்திகிரி மேலிருக்கிறவர் என்பாள். நான் கேலி செய்வேன். உள்ளூர ஒரு நாளாவது அவள் வாயால் கேட்க ஆசை உண்டு. அதை வெட்கத்தில் சொன்னதில்லை.

1987-இல் எனக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. அதே ஆஸ்பத்திரி. நீலா இப்போது வார்டு சிஸ்டர், தலையில் நரை. என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. தலையணையைச் சரி செய்தாள். கட்டில் தெற்குச் சுவரை ஒட்டியிருந்தது. கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

காலையில் மாத்திரைத் தட்டோடு வந்தாள். பின்னால் இரண்டு மாணவிகள். நீலா என்னிடம் பெயர் கேட்டாள். எனக்கு வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது. அவள் அலமுவின் பக்கம் திரும்பினாள்.

“மாமி, இவர் பேர் சொல்லுங்க.”

அலமு திகைத்தாள். உனக்குத் தெரியாதா என்பது போல் பார்த்தாள். பதினாறு வருஷப் பழக்கம், எங்கள் வீட்டில் பஜ்ஜி தின்றவள். நீலா அசையவில்லை.

அலமு தாழ்ந்த குரலில், “காஞ்சிபுரத்துப் பெருமாள் பேரும்மா” என்றாள்.

நீலாவுக்குப் புரியாமல் இல்லை. “பெருமாளுக்கு மாத்திரை இல்லை மாமி. ஷீட்ல இருக்கற பேர் வேணும். இந்த வார்டுல இன்னொருத்தரும் அதே பேர்ல இருக்கார். இனிஷியலோட சொல்லுங்க.”

மாணவிகளுக்குத் தமிழ் பாதி புரிந்திருக்கும். ஒருத்தி மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அலமு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், மாத்திரையைப் பார்த்தாள்.

“எஸ். வரதராஜன்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருந்தது.

நீலா ஷீட்டைப் பார்த்தாள், தலையசைத்தாள், மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து என் வாயில் விட்டாள். என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கவாதத்தில் அப்படி வருவது சகஜம் என்று ஒரு மாணவி இன்னொருத்திக்கு விளக்கினாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், மறுக்கப் பேச்சும் இல்லை.

பேச்சு ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது. இதை இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் இவ்வளவு நாளாயிற்று. ஆனால் அன்று மத்தியானத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நீலா மறுபடி தட்டோடு வந்தாள். அவள் கட்டிலை நெருங்குவதற்குள், யாரும் கேட்பதற்குள், அலமு எழுந்து நின்று சொன்னாள்.

“எஸ். வரதராஜன்.”

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள்.