பாங்கு நேரத்தில் தூக்கிய கை

ஏலம் கூறும் அச்சிமுகம்மதுவுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. நீதிமன்ற உத்தியோகத்தர் கடதாசிக் கட்டோடு பக்கத்தில் நிற்பார். இவர் வரம்பில் ஏறி "ஒரு தரம்" என்றால் அடுத்த வயலில் மேயும் எருமை தலையைத் தூக்கும். கல்முனைக்கும் நிந்தவூருக்கும் இடையில், ஈடு வைத்து மீளாத காணிகள் எத்தனையோ அவர் வாயால் கைமாறின. அவர் கூறிய ஏலத்தை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, அறுவடை முடிந்த கையோடு நற்பிட்டிமுனையில் மூன்று ஏக்கர் வயல் ஏலத்துக்கு வந்தது. கேட்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். கடைசி வரை நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் நிந்தவூர் வியாபாரி அபுல் ஹஸன். அவருடைய மகன் ஜவுபருக்கும் அச்சிமுகம்மதுவின் மகள் றாஹிலாவுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மற்றவர் கனகசபாபதி, பன்னிரண்டு வருடமாக அதே வயலைக் குத்தகைக்குச் செய்தவர்.

அபுல் ஹஸன் கேட்ட விலை மேலே நின்றது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் ளுஹர் பாங்கு ஒலித்தது. பாங்கு சொல்லும்போது கதைப்பதில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அச்சிமுகம்மது நிறுத்தினார். வயல்வெளி முழுக்க வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில் கனகசபாபதி வலக்கையைத் தூக்கினார். கை தூக்கினால் மேலும் ஒரு படி கேட்கிறார் என்று அர்த்தம். பாங்கு முடியும்வரை அந்தக் கை இறங்கவேயில்லை.

அச்சிமுகம்மது கண்டார். அபுல் ஹஸன் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதையும் கண்டார். பாங்கு முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "மூணு தரம்" என்றார்.

"காக்கா, நான் கை தூக்கினனே!" என்றார் கனகசபாபதி. அவரை அண்ணன் முறை வைத்துத்தான் எப்போதும் அழைப்பார்.

"சத்தம் கேட்கல்லியே" என்று இவர் முணுமுணுத்தார். அந்தத் தொண்டையிலிருந்து முணுமுணுப்பு வந்ததை அன்றுதான் ஊர் கேட்டது.

கனகசபாபதி வழக்குப் போட்டார். அன்றிலிருந்து பாங்கு கேட்டால் அச்சிமுகம்மது கண்ணை இறுக மூடிக்கொள்வார். மனைவி சபியா உம்மா அதைப் பக்தி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். றாஹிலா அப்படி நினைக்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் அபுல் ஹஸன் வீட்டுக்கு வந்தார். "நீங்க ஒண்டும் பொய் சொல்லத் தேவல்ல, சம்பந்தி. சத்தம் கேட்கல்ல எண்டு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். மறுநாள் சாட்சிக் கூண்டில், "சத்தம் கேட்டதா?" என்று அபுல் ஹஸனின் சட்டத்தரணி கேட்டபோது, "இல்ல, ஐயா" என்றார். சட்டத்தரணி திருப்தியாக உட்கார்ந்தார்.

நீதிபதி விடவில்லை. "விலை கேட்க விருப்பமிருந்தால் மனுதாரர் ஏன் வாய் திறக்கவில்லை?"

அச்சிமுகம்மது திரும்பிப் பார்த்தார். கனகசபாபதி சலவைச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாங்கு சொல்லக்குள்ள நான் ஏன் வாய மூடினனோ, அதுக்காகத்தான் அவரும் மூடினவர், ஐயா. கையத்தான் தூக்கினவர். நான் கண்டன். கண்டுபோட்டுத்தான் மூணாம் தரத்தச் சொன்னன்."

விற்பனை ரத்தானது. வேறொருவரைக் கொண்டு மறு ஏலம் என்று தீர்ப்பு வந்தது; இனி அச்சிமுகம்மது ஏலம் கூற முடியாது. அவர் வீடு போய்ச் சேருவதற்குள், கலியாணம் இல்லை என்று அபுல் ஹஸன் வீட்டுச் சொல் வந்து சேர்ந்திருந்தது. சபியா உம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

மகளின் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. முற்றத்தில் நின்று, "மகள், உன்ட கலியாணம்..." என்று தொடங்கும்போது பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. அவர் நிறுத்தினார்.

பாங்கு முடியும்வரை காத்திருந்துதான் றாஹிலா சொன்னாள்:

"இண்டைக்குக் கண்ண மூடல்ல வாப்பா, நீங்க."