வைண்டிங் வேலுச்சாமியின் கறிவிருந்து

அனுமந்தன்பட்டியில் வைண்டிங் வேலுச்சாமியைத் தெரியாத தோட்டக்காரர் கிடையாது. கம்பம் ரோட்டில் சின்னக் கடை. கிணற்று மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் என்று உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் கருகிய எதுவானாலும் அவர் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். கைவேலை சுத்தம். வாய்தான் கோளாறு. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட ‘என் தப்பு’ என்று அந்த வாய் சொன்னதில்லை. காயில் கட்டிக்கொடுத்த மோட்டார் எப்போதாவது மறுநாளே புகைந்தால் கரண்டு சரியில்லை என்பார். கரண்டு சரியாக இருந்தால் கிணறு சரியில்லை என்பார்.

மகள் விஷயத்திலும் அதே கதைதான். சுபாஸ்ரீ கொச்சியில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலையில் இருந்த சின்னமனூர்ப் பையன் மகிழனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். “அடுப்படியில நிக்கிற பயலுக்கா எம் மகளக் குடுப்பேன்?” என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் வேலுச்சாமி. பிள்ளைகள் பதிவு ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் போக்குவரத்து இல்லை. தப்பாகப் பேசிவிட்டேன் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்பது மகளின் கட்சி. அந்த ஒரு சரக்குதான் இவர் கடையில் கிடையாதே.

கடைசியில் அம்மா உமாதேவி அழுது தொலைத்ததில் மகள் இறங்கி வந்தாள். “ஒரு வேளச் சாப்பாட்டுக்கு வர்றோம்மா. அன்னைக்கும் அப்பா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தாகன்னா, அதோட சரி. இனி அந்த வீட்டுப்பக்கமே வர மாட்டேன்.”

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். “ஒங்க மாப்ளைக்கு ஸ்டேக்குன்னா உசுரு. தடியா ஒரே துண்டுக் கறிய மெளகு தடவிச் சுட்டு எடுக்கிறதும்மா. நான் அனுப்புன ஏர் ஃபிரையர்லயே போட்டுறலாம்.”

உமாதேவிக்குப் பகீரென்றது. பொங்கலுக்கு மகள் கூரியரில் அனுப்பிய மிஷின் அது. எண்ணெய் இல்லாமல் பொரிக்குமாம். அப்பாவுக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறதே என்ற அக்கறை. வேலுச்சாமி அதை வீட்டு வாசற்படி தாண்ட விடவில்லை. நேரே கடைக்குக் கொண்டுபோய் நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன். ஆஹா என்றார். சுற்றிய காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க அதுவரை அவர் நம்பியிருந்தது வெயிலையும் குண்டு பல்பையும்தான். மிக்ஸி காயில் ஒன்றை உள்ளே வைத்து நூற்றிருபது டிகிரிக்குத் திருகினார். அப்பளம் மாதிரி வந்தது. அன்றிலிருந்து ஏழு மாதமாக, சுற்றுவட்டார மிக்ஸிகளெல்லாம் அதில்தான் வெந்துகொண்டிருந்தன. உமாதேவியோ மகளிடம் ‘தெனமும் அப்பாவுக்கு அதுலதான் ஆத்தா பொரிக்கிறேன்’ என்று அளந்துவிட்டிருந்தாள்.

“நானே சுட்டுப் போடுறேன்,” என்றார் வேலுச்சாமி. வாயால் சொல்ல முடியாததைக் கறி சொல்லிவிடும் என்று அந்த மனுஷனுக்கு ஒரு நப்பாசை. மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து வார்னிஷ் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்தார். சாம்பல், புளி, சீயக்காய் என்று தேய்த்தார். கடைசியாகச் சாம்பிராணியும் போட்டார். முப்பது வருட வார்னிஷில் அவர் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. உமாதேவி முகர்ந்து பார்த்து, “கோயில் வாசம் அடிக்குதுங்க,” என்றாள். அது போதும் என்று விட்டுவிட்டார்.

கறிக்கடையிலும் ஒரு பஞ்சாயத்து. ஆட்டுத் தொடைக்கறி, எலும்பில்லாமல், இரண்டு விரற்கடை தடிமனில், வெட்டாமல் ஒரே துண்டு என்றதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

“நாய்க்காண்ணே?”

“வீட்டுக்கு ஆளு வருது.”

“நாய்க்கே நான் வெட்டித்தாண்ணே குடுப்பேன்.”

விருந்தன்று இருபத்தேழு பேர் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குழம்பு, கோழி வறுவல், ஈரல் எல்லாம் தயார். ஆனால் கறிவிருந்தில் புது மாப்பிள்ளை முதல் வாய் வைக்காமல் யாரும் இலையைத் தொடக்கூடாது. வேலுச்சாமியின் அக்கா சங்கிலியம்மாள் அதற்குக் காவல். கூடத்து நடுவில் ஸ்டூல், ஸ்டூல் மேல் ஏர் ஃபிரையர், பக்கத்தில் கிணற்று மோட்டாருக்கு வைக்கிற பெரிய ஸ்டெபிலைசர். வேலுச்சாமி மீட்டரைப் பிடித்து வோல்டேஜ் பார்த்துக்கொண்டு நின்றார். மகிழன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங் என்றது. இருபத்தேழு கையும் இலைப்பக்கம் வந்தன.

“பொறுங்க. கறி அஞ்சு நிமிசம் ஓய்வெடுக்கணும். போன்ல போட்டிருக்கான்,” என்றார் வேலுச்சாமி.

“செத்த ஆடு இனி எதுக்குடா ஓய்வெடுக்கணும்?” என்றாள் சங்கிலியம்மாள்.

“சாறு எறங்கும்க்கா. சத்தம் போடாதீக.”

கறிக்கு இடைஞ்சலாக இருக்குமென்று யாரோ ஃபேனைக்கூட அணைத்தார்கள். பசித்த கூட்டம் வேர்க்க வேர்க்க, ஒரு துண்டுக் கறி படுத்திருப்பதை வேடிக்கை பார்த்தது.

ஐந்து நிமிடம் முடிந்ததும் வேலுச்சாமி கறியை எடுத்து மகிழனின் இலையில் வைத்தார். பையன் ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டான். இரண்டு மென்று நிறுத்தினான். பிறகு கஷ்டப்பட்டு விழுங்கினான்.

“நல்லா இருக்கு மாமா,” என்றான். கண்ணில் தண்ணீர்.

இன்னொரு துண்டு போட்டான். அதையும் விழுங்கினான். மூன்றாவதை மெல்லும்போது வேலுச்சாமிக்குச் சந்தேகம் தட்டியது. மோட்டார் எங்கே இறுகுகிறது என்று காது வைத்தே சொல்லுகிற ஆளுக்கு ஒரு தாடை இறுகுவது தெரியாதா? குனிந்து இலையிலிருந்து ஒரு துண்டு பிய்த்துத் தன் வாயில் போட்டார். மூக்குத்தான் செத்திருந்தது. நாக்கு உயிரோடுதான் இருந்தது. அப்பட்டமான வார்னிஷ்.

“துப்புங்க! மாப்ள, துப்பிருங்க!” என்று அலறி, தன் கையையே அவன் வாய்க்குக் கீழே ஏந்தினார். மகிழன் தயங்கினான். இவர் விடவில்லை. துப்பினான்.

“என்னடா ஆச்சு?” என்றாள் சங்கிலியம்மாள்.

“கரண்டு...” என்று ஆரம்பித்தார் வேலுச்சாமி. ஸ்டெபிலைசரைப் பார்த்தார். ஆட்டின் மேல் போடலாமா, கறிக்கடைக்காரர் மேல் போடலாமா என்று கண் அலைந்தது. மகிழன் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பயல் நம்ம மானத்துக்காக வார்னிஷைத் தின்னானே என்று நினைத்தார்.

“கரண்டு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுதுதான். ஏழு மாசமா இந்த மிஷின்ல நான் காயிலு காயப்போட்டேன்.”

சுபாஸ்ரீ மெதுவாகக் கேட்டாள்: “அது மட்டுந்தானாப்பா?”

“இல்ல ஆத்தா. அன்னைக்கு இவுகளப் பேசுனேன் பாரு. அதுவுந்தான்.”

மாப்பிள்ளை துப்பிய கறியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார். சுபாஸ்ரீ எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.