அப்பா நடந்த பல்கேரியா

பல்கேரியா எனக்குக் குலுக்கல் சீட்டில் விழுந்த நாடு. நான்காம் வகுப்பில் ஆளுக்கொரு ஐரோப்பிய நாட்டைப் பற்றி, அதன் வரலாறு, நிலம், பண்பாடு, பொருளாதாரம் எல்லாவற்றையும் வகுப்பின் முன் நின்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்கு இத்தாலி. அவள் வருடா வருடம் விடுமுறைக்குப் போகிற இடம். "பல்கேரியாவில் என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

அந்த வருடம்தான் யார் கிம்னாசியம் என்ற உயர்பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியை முடிவு சொல்வார். பல்கலைக்கழகத்துக்கு நேரான பாதை அதுதான். என் விஷயத்தில் அவர் தயங்கினார். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை சிரமப்படும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. அம்மா அதுகூடப் படிக்கவில்லை. இன்று எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அன்று எல்லாம் அந்தப் பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வரவேற்பறைத் தரையில் பெரிய காகிதத்தை விரித்து வரைபடம் கீறினேன். வடக்கே டான்யூப் ஆறு, கிழக்கே கருங்கடல், குறுக்கே மலைத்தொடர். ஐந்நூறு வருடம் துருக்கிய சுல்தான்களின் ஆட்சி, பிறகு அரசர்கள், பிறகு கம்யூனிஸ்டுகள். ரோஜாப்பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுத்து வெளிநாடுகளுக்கு விற்கிறார்கள். தயிர் அவர்களுடைய பெருமை. தயிரை நம்பிப் பெருமைப்படும் நாடு என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

தேத்தண்ணியோடு வந்த அப்பா குனிந்து பார்த்தார்.

"உது பல்கேரியாவோ? நான் அங்க நிண்டனான்."

நான் துள்ளி எழுந்தேன். எங்கள் வீட்டில் ஒருவரும் விடுமுறைக்கு எங்கும் போனதில்லை.

"சோபியா பாத்தனீங்களோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"கருங்கடல்?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னத்தைத்தான் பாத்தனீங்கள்?"

"மரம்," என்றார் அப்பா. "மரமும் மலையும். முழுக்க நடைதானே."

"பிள்ளைக்குக் கண்டதையும் சொல்லாதேங்கோ," என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அப்பா எனக்குக் கண்ணடித்துவிட்டு மெல்லச் சொன்னார். ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் கூட்டாளிகளோடு புறப்பட்டுப் போனாராம். வழிகாட்ட வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். விடியற்காலை ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, பசிக்குப் பாண் ரொட்டி இருக்கிறதா என்று கையால் கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா தலையை இடமும் வலமும் ஆட்டினார். இல்லையாக்கும் என்று இவர்கள் திரும்பி நடக்க, அவர் பாணைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாராம். அங்கே அப்படி ஆட்டினால் ஓம் என்று அர்த்தம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெர்மன்காரர் காலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு காடு மலையெல்லாம் உல்லாசமாக நடப்பார்கள். எங்கள் ஆசிரியையும் நடப்பவர்தான். அப்பாவும் அப்படியொரு நடைப்பயணம் போயிருக்கிறார்!

வகுப்பில் பொருளாதாரம் வந்தபோது பின்வரிசை கொட்டாவி விட்டது. உடனே பாண் கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் தலையை ஆட்டிப் பார்த்து, முட்டிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"என் அப்பா நாட்கணக்காக நடந்தார். கூடாரம்கூட இல்லாமல்! வழிகாட்டி காசை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்படியும் அப்பா ஜெர்மனிவரை வந்து சேர்ந்தார்."

"என் அப்பா காரிலதான் போவார்," என்றாள் இத்தாலிக்காரி, எரிச்சலோடு.

ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி ஏதாவது கேட்பார் என்று ரோஜா எண்ணெய்க்கு ஆயத்தமாக நின்றேன். அவரோ குறிப்பேட்டைத் திறந்து, எல்லாவற்றிலும் உயர்ந்த மதிப்பெண் போட்டார்.

அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு. அப்பா லீவு எடுத்து, சட்டையை இருமுறை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க நானும் போனேன். எங்களுக்கு முன்னால் போன பெற்றோருக்கு ஆசிரியை இருந்த இடத்திலிருந்தே கை நீட்டியதைக் கதவிடுக்கால் பார்த்திருந்தேன். அப்பா உள்ளே போனதும் அவர் எழுந்து நின்றார். அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க அங்கே ஒரு சொல்லும் இருக்கவில்லை.

பிறகுதான் சொன்னார், கிம்னாசியம் என்று.

ஒரு மனிதரை எழுந்து நிற்க வைக்கிற அளவுக்கு நான் பேசியிருக்கிறேன் என்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை பூரித்துப்போய் இருந்தேன்.