பூங்கொடி அக்கா விரட்டாத மாப்பிள்ளை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, பழைய பனியன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பூங்கொடி அக்கா போய்விட்டார். முதலாளியின் தங்கை, செக்கிங் டேபிளில் முதல் ஆளாக நின்று, பனியனைப் புரட்டி ஓட்டை தேடியே ஆயுளைக் கழித்தவர். அந்த டேபிளில் என்னோடு நின்ற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரே படம்தான். பழைய கறுப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவை. பெண் பார்க்க வருகிறவர்களை விதவிதமாக ஏமாற்றி விரட்டுவாள் கதாநாயகி. ஒருவனிடம் காது கேளாதவள், இன்னொருவனிடம் கோபக்காரி. "கதாநாயகன் சட்டை மாட்டற ஆணியாட்ட நிப்பான் கண்ணு. படத்தைச் சுமக்கறது அவ ஒருத்திதான்" என்பார். பனியன் பீஸைக் கையில் வைத்துக்கொண்டே நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலிக்கும்.

அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை. வரன்களை அவரே அந்த நடிகை மாதிரி விரட்டிவிட்டார் என்று நாமாக முடிவுகட்டிக்கொண்டோம். வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டு; வெளியே போனால் அண்ணன் காரில்தான். அதையும் சொகுசு என்றே நினைத்தோம். அட, எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாம்!

ஒருநாள் ஊத்துக்குளியிலிருந்து ஒரு வெண்ணெய் வியாபாரி, மனைவியை இழந்தவர், அக்காவைப் பெண் கேட்டு கம்பெனிக்கே வந்துவிட்டார். முதலாளி ஊரில் இல்லை. அக்காவைக் காப்பாற்றுகிறோம் என்ற உற்சாகத்தில் நான்தான் முந்திக்கொண்டு போனேன். "அவங்களுக்குக் காது கேக்காதுங்க. கோவம் வந்தா கத்திரியைத் தூக்கிருவாங்க" என்றேன். அவர் நம்பாமல் கதவருகே நின்று, "ஏனுங்க" என்று அக்காவைக் கூப்பிட்டார். அத்தனை மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அக்கா திரும்பவில்லை. அவர் போய்விட்டார்.

டீ நேரத்தில் பெருமையாகச் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். அக்காவும் சிரித்தார். எல்லோரும் நகர்ந்ததும் என் கையைப் பிடித்தார்.

"நான்தான் அவரை வரச் சொன்னேன் கண்ணு. வார மாப்பிள்ளையெல்லாம் அண்ணன் தட்டிக் கழிச்சுட்டே இருந்தாங்க. இங்கிருந்து போறதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

இப்போதே ஊத்துக்குளிக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அழுதேன். "வேண்டாம். யாரோ சொன்னதை நம்பிட்டாரு. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல பாரு" என்றார்.

வாட்ச்மேன் வழியாக அண்ணனுக்கு விஷயம் போனது. அதன்பிறகு வீட்டிலிருந்து கம்பெனிக்கு வரும் இருபதடிக்கும் அண்ணி துணைக்கு வந்தார். அக்கா அந்தப் படத்தை மறுபடி நடித்துக் காட்டவில்லை என்று எழுத ஆசைதான். நாம் கேட்டபோதெல்லாம் நடித்தார். காது கேளாத காட்சியில் மட்டும் என்னைப் பார்க்கமாட்டார்.

நேற்று எழவு வீட்டில் அண்ணன் வந்தவர்களிடம், "எத்தனையோ வரன் பாத்தமுங்க, அவதான் கண்ணாலமே வேண்டாம்னுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இந்தப் புள்ளைக்குத் தெரியும், கேளுங்க" என்றார். நான் தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்.

அக்கா என்னிடம் விட்டுப்போனது ஒரே ஓர் உண்மை. அதையும் அவர் தலைமாட்டில் நின்றே விழுங்கிவிட்டேன். ஆகவே இங்கே எழுதுகிறேன். பூங்கொடி அக்கா கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வரச் சொன்னவரை விரட்டியது நான்.