கம்பி அவித்த குற்றம்

இரண்டு வாரத்துக்கொரு வெள்ளிக்கிழமை கிளெமென்ற் கம்பி அவிப்பான். பேஸ் கிற்றாரின் தடித்த கம்பிகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொன்றாக வளையமாய்ச் சுருட்டி, கைப்பிடி உடைந்த பால் சட்டியில் போடுவான். தண்ணீர், ஒரு மூடி வினாகிரி, கொதி வந்த பின் பத்து நிமிடம். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டும். அது அவனுடைய விரல்களிலிருந்து கம்பியின் சுற்றுகளுக்குள் இறங்கிய வியர்வை. அதை வழித்தெறிந்து, கம்பிகளைத் துவாயில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே காயவிடுவான். செத்துக்கிடந்த கம்பி மறுநாள் கல்யாண வீட்டில் கணீரென்று எழும்பும். புதுக் கம்பி வாங்கச் சண்டைக்கால விலைவாசி விடவில்லை.

"அந்தச் சட்டியில இனி நான் பால் காய்ச்சமாட்டன்" என்பாள் மனைவி அருள்நாயகி.

"பால் மா விக்கிற விலைக்கு நீ காய்ச்சிக் கிழிச்சாய்."

கிற்றார் 1964இல் அமெரிக்காவில் செய்தது. அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு பறங்கியர் கொட்டாஞ்சேனையில் விற்றுவிட்டுப் போனது. அதன் மேல் கண் வைத்திருந்தவர் வெள்ளவத்தை செபஸ்தியன். குளிரூட்டிய அறையில் ஆறு பழைய பேஸ் கிற்றார்களைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பவர். வருடத்துக்கொருமுறை ரோர்ச் லைற்றோடு வந்து, திருகாணி திருகாணியாகப் பார்ப்பார்.

"கழுத்து வார்னிஷை ஏன் உரஞ்சினீங்கள்? பாதி விலை போச்சு."

"கொழும்பு வேர்வைக்குக் கை ஒட்டுது. ஓட வேணாமா?"

"இது வாசிக்கிற சாமான் இல்லை, கிளெமென்ற். வச்சிருக்கிற சாமான்."

"அப்ப உங்கட பல்லையும் கழட்டி அலுமாரியில வைங்க."

தொண்ணூற்றாறில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்த சார்ஜன்ற் எட்டிப் பார்த்தான். நான்கு சுருள் கம்பி, புளித்த வாடை, பக்கத்தில் பற்றரி. குண்டு செய்கிறான் என்று முடிவு கட்டினான். கிளெமென்ற் சிங்களத்தில் எவ்வளவோ விளங்கப்படுத்தினான். கிற்றார் கம்பியைக் கிழங்குபோல் அவிக்கிறவன் எங்கே இருக்கிறான் என்று சார்ஜன்ற் கேட்டான். சட்டி, கம்பி, கிற்றார், ஆள் எல்லாம் ஒரே ஜீப்பில் ஏறின.

இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை. நம்பவுமில்லை. இந்தச் சாமானை அறிந்த பெரிய மனிதர் ஒருவர் வந்து, இப்படி அவிப்பது வழக்கம்தான் என்று சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றார். அருள்நாயகி வெள்ளவத்தைக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் செபஸ்தியன் வந்தார். கூண்டிலிருந்து கிளெமென்றுக்குத் தெரிந்தது மடிப்புக் கலையாத சேர்ட்டின் முதுகு மட்டும். இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. செபஸ்தியன் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இருபது வருடமாகச் சேர்க்கிறேன். கம்பி அவிப்பது என்று ஒன்று கிடையாது."

பிறகு, இது அரிய சாமான், இந்த ஈரத்தில் கெட்டுவிடும் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போனார்.

கிளெமென்ற் கம்பிக் கதவை உலுக்கினான். "அவர்ட விரலைப் பாருங்க, சேர். ஒரு காய்ப்பு இருக்கா? வாசிக்கிறவனுக்குத்தான் சேர் கம்பி சாகும்."

யாரும் பார்க்கவில்லை.

இன்னும் பதினொரு நாள். பதினேழு பேர் படுத்த தரையில் அவன் குந்தியிருந்தான். சார்ஜன்ற் மீது அவனுக்குக் கோபமில்லை, தெரியாதவன், கேட்டான். செபஸ்தியன் தெரியாமலே பதில் சொன்னார்.

பதினாலாம் நாள், பொலிஸ் பாண்டில் கிற்றார் வாசிக்கிற கொன்ஸ்தாபிள் ஒருவன் ஏதோ கடுதாசி கொடுக்க வந்தான். மூலையில் சான்றுப்பொருள் என்று துண்டு ஒட்டி, கம்பியோடு கிடந்த சட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அபித் தம்பனவா, சேர்." நாங்களும் அவிப்போம்.

ஒரு மணித்தியாலத்தில் கிளெமென்ற் தெருவில் நின்றான். வீட்டுக்குப் போகவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு நேரே வெள்ளவத்தைக்குப் போனான்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னனான்" என்றார் செபஸ்தியன். "பொலிசில போய்ப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"தெரியாது எண்டா தெரியாது எண்டு சொல்லு. கிடையாது எண்டு ஏன் சொன்னாய்?"

"மரியாதையாக் கதையுங்கோ."

"பதினாலு நாள் உன்ர மரியாதையிலதான் இருந்தனான்."

கண்ணாடியைத் திறந்து கிற்றாரை உருவினான். வார்னிஷ், மெதுவா, என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். வழிச் சோதனைச்சாவடியில் அதை மறுபடியும் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினான்.

அதற்குப் பிறகும் அவன் அவித்தான், வாசித்தான், திட்டினான். திட்டும்போது ஒரு முள் மட்டும் உறுத்தும்: அந்த ஆள் பொய் சொல்லவில்லையே.

ஏழு வருடம் கழித்து, கிராண்ட்பாஸில் ஒரு கல்யாண வீட்டில், சமையலுக்கு வந்திருந்த பழனியம்மா அவனுடைய கிற்றாரை அடையாளம் கண்டுகொண்டாள். முன்பு செபஸ்தியன் வீட்டில் சமைத்தவள்.

"இத ஸ்டேசன்லருந்து தூக்கிட்டு வந்த அன்னிக்கே, ஐயா வேறொரு கிட்டார்லருந்து கம்பி ஒண்ண கழட்டி, எங்கிட்ட சட்டி கேட்டாருங்க. அவிச்சு, தொடச்சு, மாட்டி, ரெண்டு மூணு தரம் தட்டிப் பாத்தாரு. 'ஓம், உண்மைதான்'னாரு. அப்புறம் சட்டிய நல்லா கழுவி வைக்கச் சொன்னாரு."