சாம்பியன் ரீப்ஸ் கேட்டில் என் கூரையில்லாத கார்

அறுபத்தி நாலாம் வருஷம் மாசி மாதம் ஆம்பூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு நான் போனது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல, கார் வாங்க. அதுவும் சும்மா கார் அல்ல. ரெண்டே பேர் உட்காரக்கூடிய, மேல்துணியை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளக்கூடிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். வட ஆற்காடு ஜில்லாவிலேயே அப்போது அப்படி ஒன்று கிடையாது என்று நான் சொல்வது வழக்கம். வேலூரில் ஒரு டாக்டரிடம் இருந்ததாகப் பிறகு தெரிந்தது, அது போகட்டும். பழைய திறந்த கார் வாங்க நினைப்பவர்களுக்கும் தங்கவயல் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் பாதி.

எனக்கு ஆம்பூர் பஜாரில் சைக்கிள் கடை. பக்கத்துக் கடையில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் அந்த வருஷம் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். தினமும் காலையில் என் கடை வாசலில்தான் அதை உதைத்து ஸ்டார்ட் செய்வார். நாலு மாதம் பொறுத்தேன். அந்தச் சமயத்தில் என் அக்கா புருஷன் ஏழுமலை மாமாவிடமிருந்து கார்டு வந்தது. மாமா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பதினெட்டு வருஷமாக பூமிக்கு அடியில் வேலை. சுரங்கத்தை சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு இன்ஜினியர் துரையும் போகிறார், தன் சின்னக் காரை ஆயிரத்து எண்ணூறுக்குக் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தார் மாமா. அப்பா நிலத்தில் என் பங்கை விற்ற பணம் கையில் இருந்தது. வேறு எதற்கோ வைத்திருந்தேன். எதற்கு என்பது இங்கே வேண்டாம்.

ஆம்பூரில் காலை 5.40 பாசஞ்சர். ஜோலார்பேட்டையில் இருபது நிமிஷம் நிற்கும், இட்லி வாங்கலாம். பங்காருபேட்டை ஜங்ஷன் 9.15. அங்கே இறங்கி தங்கவயல் கிளை ரயிலுக்கு மாற வேண்டும், எதிர் பிளாட்பாரத்திலேயே நிற்கும். அந்த ஸ்டேஷனில் டீக்கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கில் கேட்டு, இன்னொருவரிடம் கன்னடத்தில் சில்லறை வாங்கி, மூன்றாமவரிடம் தமிழில் சண்டை போடலாம். நான் மூன்றும் செய்தேன். அங்கிருந்து எட்டு மைல், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கும்போது பத்தரை. இந்த நேரமெல்லாம் அந்தக் காலத்து நேரம். இப்போது போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் கண்ணில் படுவது மலை. மலை என்றால் கல் மலை அல்ல. தங்கத்தை எடுத்துவிட்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான சாம்பல் நிறக் குன்றுகள். சயனைடு மலை என்பார்கள். காற்று அடித்தால் அந்த மண் பொடி சட்டையில், சோற்றில், காதுக்குள் எல்லாம் வரும். அந்தப் பொடியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவும் பாக்கியம் அக்காவும் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தார்கள். மாமாவுக்கு அன்று லீவு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். நான் போனதும் அக்கா டீ கொடுத்துவிட்டுச் சொன்ன முதல் பேச்சே இதுதான்.

"தம்பி, கார நீ வாங்கு, ஓட்டு, இன்னா வேணா செய். அவர ஒண்ணுத்துலயும் மாட்டி வுடாத. திங்கக்கெழம பேரு படிக்கிறாங்க."

"இன்னா பேரு?"

"லேம்ப் ரூம் வேலைக்கி. மேல் வேல. ராத்திரில எப்டி இருமுறார்னு நீ கேட்டதில்ல."

லேம்ப் ரூம் என்பது சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்து, வந்ததும் திரும்ப வாங்கி வைக்கிற இடம். வெளிச்சத்தில் நின்றபடி செய்யும் வேலை. சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கியவர்கள் அதற்காக வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். காலியிடம் ஒன்றுதான். பதினெட்டு வருஷத்தில் சுரங்க ரிஜிஸ்டரில் மாமா பேருக்கு எதிரே புகார் என்று ஒரு கோடு கூட விழவில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சிபாரிசு. "ஆயிடும்னு சொல்றாங்க மச்சான்," என்றார் மாமா, சத்தமில்லாமல், யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல. நான் அவர் தோளில் தட்டி, ஆம்பூர் போனால் மந்திரி வரைக்கும் பேசுகிறேன் என்றேன். எனக்கு எந்த மந்திரியையும் தெரியாது.

கார் துரை பங்களாவில் இல்லை. பெயிண்ட் அடிக்க சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் விட்டிருந்தார். அதாவது கேட்டுக்கு உள்ளே. பச்சை நிறம், கம்பிச் சக்கரம், முட்டிக்கால் உயரம்தான். இப்படிப்பட்ட காரை வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பெயிண்டைப் பார்க்காதீர்கள். மிதியடியைத் தூக்கி அடித்தளத்துப் பலகையை அழுத்துங்கள். என் காரில் இடது பக்கம் கரையான் தின்று கட்டைவிரல் உள்ளே போனது. கதவின் அடிப்பகுதியை விரல் முட்டியால் தட்டுங்கள், டொக்கென்று கேட்டால் துரு. மேல்துணியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. துணியே இல்லை, வெறும் கம்பிச் சட்டம் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அந்த விலை. இன்ஜின் கைப்பிடி சுற்றி மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. நான் ஊரில் முதல் சுற்று என்று சொல்லியிருக்கிறேன்.

துரை அன்று காலையே மெட்ராஸ் ரயிலேறப் போயிருந்தார். காகிதம் எல்லாம் ஒர்க்ஷாப் கிளார்க்கிடம் சரியாக இருந்தது, பணத்தையும் அவரிடமே எண்ணிக் கொடுத்தேன். ஆனால் கேட்டைத் தாண்டி எந்தப் பொருள் வெளியே போனாலும் பாஸ் வேண்டும், வெளியாள் கையெழுத்து செல்லாது. மாமா கையெழுத்துப் போட்டார். பேர், டோக்கன் நம்பர் எல்லாம் எழுதி, மை காயும் வரை ஊதினார்.

கேட்டுக்கு வரும்போது மணி ரெண்டு அடித்து கொஞ்ச நேரம். காலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். தலைமுடி, வாய், சோற்றுத் தூக்கு எல்லாம். அது அங்கே தினசரி வழக்கம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இருநூறு பேராவது நின்றிருப்பார்கள். நடுவில் நான், பச்சைக் காரில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பக்கத்து சீட்டில் மாமா, முட்டி மேல் கை வைத்துக்கொண்டு.

"இன்னாண்ணே, ஏழுமல அண்ணன் கலெக்டர் ஆயிட்டாரா?"

"வண்டிக்கி மூடி எங்கப்பா? மழைல கரைஞ்சி பூட்சா?"

"மச்சான் ஆம்பூராம்டா. பிரியாணி துட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது அதற்கு முன்பு கிடையாது. காவலாளி கன்னடக்காரர், வயதானவர். பாஸை வாங்கிப் படித்துவிட்டு, கம்பியைத் தூக்கப் போகிறவர், சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டார். "ஒளகே ஏனாதரூ இதெயா?" உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆம்பூரில் இருந்திருப்பேன். கூட்டம் இன்னொரு சிரிப்புக்குக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது. சீட்டைத் தட்டிக் காட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கீழ ரெண்டு கட்டி தங்கம் கீது. உனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். மாமா என் கையைப் பிடித்தார். அந்த ஊரில் பொண்டாட்டியைப் பற்றி ஜோக் அடிக்கலாம், சாமியைப் பற்றி அடிக்கலாம், துரையைப் பற்றியே அடிக்கலாம். கேட்டில் நின்றுகொண்டு தங்கம் என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. காதில் விழுந்துவிட்டால் காவலாளிக்கு வேறு வழி இல்லை, சோதித்தே ஆக வேண்டும். சோதனை முடியும் வரை கேட் திறக்காது, யாருக்கும். இது அந்த லைன்களில் நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

காவலாளி கம்பியைத் திரும்பக் கீழே இறக்கினார். "யாக்கப்பா இப்டி சொன்னே," ஏனப்பா என்று பாதி கன்னடத்தில் என்னைக் கேட்டார். கோபமாகக் கூட அல்ல.

ரெண்டு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. சீட்டைக் கழற்றினார்கள், பலகையைப் பெயர்த்தார்கள், சக்கரங்களை எடுத்தார்கள். கிடைத்தது ஒரு கோல்ஃப் பந்து, ஒரு பெண்பிள்ளை ஹேர்பின், ரெண்டு கை அளவு சாம்பல் நிறப் பொடி. மேல்துணி இல்லாத கார் அந்த ஊரில் நின்றால் அந்தப் பொடி சேராமல் என்ன செய்யும்? அதையும் காகிதத்தில் மடித்து, சோதனைக்கு அனுப்ப முத்திரை வைத்தார்கள். நான் வெளியாள், பாஸில் கையெழுத்துப் போடாதவன். எனக்கு நிழலில் ஸ்டூல் போட்டார்கள். மாமாவைத்தான் அறைக்குள் கூட்டிப்போனார்கள். வேலை செய்யாத நாளில், அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி.

வெயிலில் நின்ற இருநூறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"யோவ் கண்ணாடி, ஊட்ல சோறு ஆறிப் போவுது."

"அவன இன்னாத்துக்கு கேக்குற. ஏழுமலய சொல்லணும், இட்டுகினு வந்தாரு பாரு."

அந்த ரெண்டாவது ஆள் சொன்னதுதான் இன்றைக்கும் கேட்கிறது.

மாமா வெளியே வந்தபோது சட்டையின் மேல் பட்டன் மாறிப் போட்டிருந்தார். காரில் ஏறச் சொன்னேன். "வேணாம் மச்சான். நடந்தே வரேன். ஏறினா எல்லாம் பாப்பாங்க," என்றார். வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட எனக்கு மனசு வரவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும் தெரியவில்லை. அவர் பின்னாலேயே முதல் கியரில், நடை வேகத்தில், லைன் வரைக்கும் முக்கால் மைல் ஓட்டினேன். வாசல்களில் பெண்கள் நின்றார்கள். திறந்த காரில் முகத்தை வைத்துக்கொள்ள இடமே கிடையாது. வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. விஷயம் எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. எனக்கு இலை போட்டாள், பரிமாறினாள்.

பொடி வெறும் மலைப் பொடிதான் என்று முடிவு வந்தது. ஆனால் கடுகத்தனை தங்கம் அந்தப் பொடியிலும் இருக்கும், அந்த ஊர் மண் எல்லாவற்றிலும் இருக்கும். கேஸ் இல்லை, அபராதம் இல்லை. ரிஜிஸ்டரில் மாமா பேருக்கு எதிரே ஒரு வரி மட்டும் எழுதினார்கள். திங்கட்கிழமை வேறொருவர் பேரைப் படித்தார்கள். நான் கேள்விப்பட்டது கார்டு மூலம். அக்கா எழுதவில்லை, மாமாதான் எழுதினார், கடைசி வரியில், நலம் விசாரிப்புக்கும் கீழே.

திரும்பும் வழி தங்கவயல், வீ.கோட்டா, பேரணாம்பட்டு, ஆம்பூர். ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் அதிகம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பெயர்த்த பலகையை ஆண்டர்சன்பேட்டை தச்சரிடம் கொடுத்து அடித்துக்கொண்டு, ஒன்றேகாலுக்கு வந்து சேர்ந்தேன். பேரணாம்பட்டு மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் ரெண்டாவது கியரில் இறங்குங்கள். தண்ணீர் கேன் எடுத்துப் போங்கள், ரேடியேட்டர் ரெண்டு தடவை கொதிக்கும். ஆர்.சி. புத்தகம் மைசூர் ராஜ்யத்திலிருந்து மெட்ராஸுக்கு மாற மூன்று மாதம் ஆனது. சொந்தக்காரர் வீட்டில் தங்கி வாங்குவதாக இருந்தால் கையெழுத்து அவரிடம் கேட்காதீர்கள். கேட்க நேர்ந்தால், வெளியே வரும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

ஆம்பூர் பஜாரில் கார் நின்றதும் ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். கடிகாரக்காரரும் வந்தார். எப்படி எடுத்தாய் என்றார். சுரங்க கேட்டில் காவலாளிகள் துரை வருவதாக நினைத்து எனக்கு சல்யூட் அடித்தார்கள் என்றேன். அது தானாகவே வாயில் வந்தது. அப்புறம் எட்டு மாதம் அதையே சொன்னேன்.

அந்தத் தீபாவளிக்கு மாமா மட்டும் வந்தார். அக்கா வரவில்லை. என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கடிகாரக்காரர் உள்ளே நுழைந்து, "நீங்கதான அவர் மாமா? கேட்ல இவருக்கு சல்யூட் வெச்சாங்களாமே, மெய்யா?" என்றார். நான் கையில் இருந்த பெடலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

மாமா இருமல் நிற்கும் வரை காத்திருந்து, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "வெச்சாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."