ஏழு என்று எழுதிய அட்டை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கும் அது நிம்மதிதான்.

வைக்கோலிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வைக்கோல் லேசில் சர்க்கரையை விட்டுத் தராது. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, பிறகு காரம் போகும்வரை அலச வேண்டும். அலசுவது சலவை அக்கா, கையுறையோடு. சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்து, கார அளவை (pH) எழுதி டிரம்மில் அட்டை தொங்கவிடுவது நான். 12 என்றால் தோல் வெந்துவிடும். 7 என்றால் அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுப் பிழிவார்.

"வீட்டுல துவைச்சா ஒரு நன்றி கிடையாது தம்பி. இங்க வைக்கோலைத் துவைச்சா சம்பளமே தராங்க" என்பார்.

ஒரு நாள் வீட்டுக்குப் போகும் அவசரம். காகிதத்தை நனைக்காமலே 7 என்று எழுதினேன். அக்கா என்னை நம்பிக் கையை விட்டார். கை வெந்தது. தெறித்ததில் வலது கண் போனது. எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் அந்த அட்டையைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். 12 என்று எழுதிய புது அட்டையைத் தொங்கவிட்டேன். அட்டையைப் பார்க்காமல் கையை விட்டாள் என்று விசாரணையில் முடித்தார்கள். அக்காவுக்கு வேலை போயிற்று. நான் வாயே திறக்கவில்லை. பாவி நான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3.10. கூடத்தில் நான் மட்டும்தான்.

அலசும் அறையில் குழாய்ச் சத்தம்... சளக், சளக்... கொஞ்சம் பொறுத்து, சளக்...

அக்கா அப்படித்தான் அலசுவார்.

3.14. எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. மேசையில் ஈரக் காகிதங்கள் வரிசையாக. முதலாவது கருநீலம். அடுத்தது கொஞ்சம் வெளிறி... கடைசி ஒன்று பச்சை.

பச்சை என்றால் 7.

பக்கத்தில் நான் முந்தின நாள் ஊறப்போட்ட டிரம். அதில் ஓர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது...

7.

என் கையெழுத்து.

மூன்று மாதப் பழைய தேதி...

அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். குழாயைப் பற்றி வாசல் காவலாளியிடம் கேட்டேன். தொட்டி கழுவுவதற்காகக் காலையிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். அம்மா சனிக்கிழமையே காய்ச்சலில் போய்விட்டாராம்.

"கடைசி வரைக்கும் ஒண்ணையேதான் கேட்டுட்டிருந்தாங்கண்ணா. 'தம்பி தப்பா எழுத மாட்டான். நான்தான் அட்டையைச் சரியாப் பார்க்கலையோ'ன்னு."

"சரிம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

அட்டை என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இன்றுவரை ஈரம் காயவில்லை.